ஃபென்ஸ்கியின் பச்சை நாற்காலி

“மிஸ் நடீன், கம்பத்துல என்னமோ மஞ்சளா கட்டி வெச்சிருக்காங்க, போய்ப் பாருங்க,” என்று ரோஸ்கோதான் முதலில் சொன்னான். பஸ்ஸை ஓட்டுகிறவனுக்கே கம்பத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிகிறது. கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பஸ் வாரியம் நடக்கிற லட்சணம் அப்படி.

நடீன் சோப்சாக் தன் வீட்டுத் தபால் பெட்டிக்கு எதிரே இறங்கி, வீட்டுக்குள் போகாமல், பக்கத்து வீட்டைத் தாண்டிக் கம்பத்தடிக்குப் போனாள். மஞ்சள் அட்டை. மார்ச்சிலிருந்து டன்ஹாம் ரோடு வழியாக பஸ் வராது, பைபாஸோடு போய்விடும், இந்த நிறுத்தம் எடுக்கப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். வருந்துகிறார்களாம், பெரிய மனசுதான். படித்து முடித்ததும் அவள் கண் தானாகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போனது. திரைக்குப் பின்னால் யாரோ நகர்ந்த மாதிரி இருந்தது.

லைல் ஃபென்ஸ்கி. வேறு யாராக இருக்கும்?

அந்த பஸ் போனால் நடீனுக்கு வேலை போகும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலைச் சாப்பாடு அவள் பொறுப்பு. விடிவதற்குள் அங்கே நிற்க வேண்டும். கார் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள், எல்லாரையும் போல. சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு நாள் வலிப்பு வந்தது, இன்னொரு நாள் மறுபடியும் வந்தது, மாநில அரசு லைசன்ஸைப் பிடுங்கிக்கொண்டது. பிடுங்கியது நியாயம்தான், அதை அவள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த லைசன்ஸை ஒப்படைக்கிற ஆபீஸ் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே பஸ் கிடையாது. இனி ஓட்டமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க ஓட்டிக்கொண்டுதான் போகவேண்டும். இதைக் கவுண்டரில் கேட்டதற்கு, “சட்டம் நான் போடலை மேடம்,” என்று ஒருவன் கொட்டாவி விட்டான்.

அடுத்த நிறுத்தம் பைபாஸ் சிக்னலில். நான்கு வழிச் சாலை, ஓரத்தில் நடக்க ஒரு சாண் இடம் கிடையாது. போன குளிர்காலத்தில் அந்த சிக்னல் கம்பத்தில் யாரோ பிளாஸ்டிக் பூ கட்டியிருந்தார்கள், அங்கே அடிபட்டுச் செத்தது யார் என்று கேட்க நடீனுக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் நடக்கிறவளைப் பார்த்தால், கார் ரிப்பேரா, இல்லை புத்தி ரிப்பேரா என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, லைல் ஃபென்ஸ்கிக்கு வருவோம். அறுபது தாண்டிய ஆள், மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருக்கிறார். தனியாள் ஒருவருக்கு மூன்று வண்டி. இரண்டு வீட்டு ஷெட்டுக்குள் நிற்கும், மூன்றாவது, அந்தப் பெரிய கருப்பு பிக்கப், ரோட்டோரம் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வீட்டு முகப்பில் தேசியக் கொடி. பஸ் பிரேக் போட்டால் தன் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறவர். பனி கொட்டினால் பிக்கப் நிற்கிற இடத்தை மட்டும் மண்வெட்டியால் வாரி வழித்து, வண்டியை எடுத்துப் போகும்போது அங்கே ஒரு பச்சை மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். இந்தப் பக்கத்து வழக்கம் அது. வாரினவன் நாற்காலி போட்டால் அந்த இடம் அவனுடையது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் நாற்காலியை நகர்த்தினவனுக்கு அடுத்த நாள் டயரில் காற்று இருக்காது. அரசாங்க ரோட்டில் சொந்த நாற்காலி. அதைப் பார்க்கும்போதெல்லாம் நடீனுக்கு வயிறு எரியும்.

கம்பத்தடியில் நிற்கவே முடியாமல் போனதற்கும் பாதிக் காரணம் பனிதான். பனி ஒதுக்குகிற லாரி ரோட்டை வழித்துக் கொண்டுபோய்க் கம்பத்தடியில்தான் மலையாகக் குவிக்கும். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நடீன் அதில் சறுக்கி விழுந்ததை ரோஸ்கோ பார்த்துவிட்டான். “இனிமே இங்க நிக்காதீங்க. வாசலுக்குள்ளயே இருங்க, என் லைட்டு தெரிஞ்சதும் வாங்க, தபால் பெட்டிக்கிட்ட நிறுத்துறேன்,” என்றான். அன்றிலிருந்து காலையும் மாலையும் அப்படித்தான். நிறுத்தம் இல்லாத இடத்தில் கதவைத் திறக்கக் கூடாது என்பது வாரியத்தின் விதி. அதை மீறி அவன் செய்கிற உபகாரம் அது. ஏற்கெனவே வேறு எதற்கோ ஒரு எச்சரிக்கை வாங்கியவன், இன்னொன்று வந்தால் வேலை போகும், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. நல்ல மனுஷன்.

மறுநாள் சமையலறையில் லுவானிடம் சொன்னாள். லுவான் முட்டை உடைப்பவள், வேலை அது பாட்டுக்கு நடக்கும், வாய் அது பாட்டுக்குப் பேசும்.

“அந்த ஆள் போட்டோ எடுத்தார்னு சொன்னியே, எப்போ?”

“கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. கம்பத்தைச் சுத்திச் சுத்தி போன்ல எடுத்துட்டிருந்தார். அப்புறம் ஆரஞ்சு சட்டை போட்ட ரெண்டு பேர் டேப் வெச்சு அளந்தாங்க. அவங்களுக்கு பிளாஸ்க்ல காபி கொண்டாந்து ஊத்துறார். நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்.”

“காபி வேறயா? இதுக்கு மேல என்னடி சாட்சி வேணும்? எங்க தெருவுல ஒருத்தன் இப்படித்தான் பஸ் கம்பத்தைத் தூக்க வெச்சான். ஆறு மாசத்துல இடத்தைக் கார் கழுவுற கடைக்கு வித்துட்டுப் போயிட்டான். ரோட்டு முகப்புல கம்பம் நின்னா அவங்க வாங்க மாட்டாங்களாம்.”

கார் கழுவுற கடை. ஊரில் ஏற்கெனவே மூலைக்கு ஒன்று இருக்கிறது. குழந்தைகள் நடந்து போகப் பாதை இல்லை, ஆனால் கார் குளிக்க இடம் இருக்கிறது. நடீனுக்கு அது சரியாகவே பட்டது. சந்தேகம் புகுந்துவிட்டால் பார்ப்பதெல்லாம் அதற்கு உரமாகிவிடும். அந்த வாரம் லைல் அவள் வீட்டு வாசல் பனியையும் சேர்த்து வாரிப்போட்டார். குற்ற உணர்ச்சி, என்று நினைத்தாள். வேலி ஓரம் நின்று, “காலையில எப்பவாவது வண்டி வேணும்னா சொல்லுங்க நடீன்,” என்றார். அடேயப்பா, இப்போதே பரிகாரம் ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்தாள்.

பொதுமக்கள் கருத்தைக் கேட்க வாரியம் ஒரு கூட்டம் வைத்திருந்தது. அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். இடம், ஊர் நடுவில் கவுண்டிக் கட்டடம். நேரம், கடைசி பஸ் போனபிறகு. பஸ்ஸைப் பற்றிப் பேச பஸ்ஸில் வரமுடியாது. இதை யோசித்து வைத்தார்களா, யோசிக்காமல் வைத்தார்களா? யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்றாள் லுவான். அவள் கார் அப்போது மெக்கானிக்கிடம் இருந்தது.

லைல் மறுபடி வேலிக்கு வந்தார். “செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு நான் போறேன். வர்றீங்களா?”

இவர் எதற்குப் போகிறார்? காரியம் முடிந்ததா என்று பார்க்கத்தான். கூடப் போய்க் கண்காணித்தால்தான் நல்லது. எதிரியின் வண்டியில் ஏறிப்போய் எதிரியைப் பற்றியே புகார் சொல்வதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. வேறு வழியும் இல்லை. “வர்றேன்,” என்றாள்.

பிக்கப்பில் இருக்கை கதகதப்பாக இருந்தது, அதுவே அவளுக்கு எரிச்சல். லைல் வழிநெடுக ரோட்டுப் பள்ளங்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். “பெட்ரோலுக்கு வரி வாங்குறான், நம்பர் பிளேட்டுக்கு வரி வாங்குறான், இந்தப் பள்ளத்தை மட்டும் நம்ம பேரப்பிள்ளைங்களுக்கு விட்டு வெச்சிருக்கான்.” வழியில் ஒரு காபிக் கடை ஜன்னலில் வண்டியை நிறுத்தி இரண்டு காபி வாங்கி, ஒன்றை அவளிடம் நீட்டினார். ஆரஞ்சு சட்டைக்காரர்களுக்கும் இப்படித்தானே ஊற்றினார், என்று நினைத்துக்கொண்டாள். வாங்கி வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை. அது மடியிலேயே ஆறிப்போனது, இறங்கும்போது கையோடு எடுத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். மைக் பக்கத்தில் ஒரு விளக்கு, பச்சையில் பேசலாம், சிவப்பு வந்தால் வாயை மூடவேண்டும். வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர், அதிலும் பாதிப்பேர் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் தாமதமாக வந்தவர்கள். நடீன் மைக்கைப் பிடித்தாள்.

“என் பேர் நடீன் சோப்சாக். டன்ஹாம் ரோடு. உங்க பஸ் இல்லைன்னா எனக்கு வேலை இல்லை. இது எப்படி நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். எங்க ரோட்டுல ஒருத்தருக்கு பஸ் சத்தம் ஆகாது. அவர் புல்தரையில கம்பம் நிக்கிறது ஆகாது. அவர் போட்டோ எடுத்தார், உங்க ஆளுங்களுக்குக் காபி ஊத்தினார், அப்புறம் அட்டை வந்துடுச்சு. நாளைக்கு அந்த இடத்தை எந்தக் கார் கழுவுற கடைக்கு விக்கப்போறாரோ. அவர் பேர் லைல் ஃபென்ஸ்கி. இதோ ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கார். என்னைக் கூட்டிட்டு வந்ததும் அவர்தான்.”

யாரோ சிரித்தார்கள். லைலின் காது மடல் சிவந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். விளக்கு இன்னும் பச்சையாக இருக்கும்போதே நடீன் போய் உட்கார்ந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த வாரியத்துப் பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “மிஸ்டர் ஃபென்ஸ்கி எங்களுக்குப் போன் பண்ணினது உண்மைதான். திரும்பத் திரும்பப் பண்ணினார். ஆனா கம்பத்தை எடுக்கச் சொல்லலை. கம்பத்துக்குப் போக நடைபாதை போடச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மா நிக்க இடமில்லாம ரோட்டுக்கு வர்றாங்க, என்னைக்காவது அடிபடுவாங்கன்னு போட்டோ எல்லாம் அனுப்பினார்.”

நடீனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லைல் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

“சரி, நடைபாதை போடணும்னா எத்தனை பேர் ஏறுறாங்கன்னு பாக்கணும்ல? பாத்தோம்.” அந்தப் பெண்மணி சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். நிறுத்தம் ஒவ்வொன்றிலும் நீல வட்டம், நிறைய பேர் ஏறுகிற இடத்தில் பெரிசு, குறைவான இடத்தில் சிறிசு. டன்ஹாம் ரோட்டில் வட்டமே இல்லை. “அங்க யாருமே ஏறலை. இந்தக் குளிர்காலம் முழுக்க ஒருத்தர்கூட இல்லை. அதான் வழியையே மாத்தினோம்.”

“நான் தினமும் ஏறுறேன்,” என்று நடீன் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“கதவுக்கு மேல எண்ணுற கருவி இருக்கு மேடம். நிறுத்தத்துல கதவு திறந்தா எண்ணும். வழியில எங்கயாவது திறந்தா அதைக் கணக்குல எடுத்துக்காது. நீங்க எங்க ஏறுறீங்க?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தபால் பெட்டி. இரண்டு குளிர்காலமாக அவள் ஏறிய ஒரு தடவைகூட எண்ணப்படவில்லை. லைல் அவளுக்கு நல்லது செய்யப்போய் அவர்களை வரவழைத்தார், ரோஸ்கோ அவளுக்கு நல்லது செய்யப்போய் கணக்கைப் பூஜ்யமாக்கினான். இப்போது உண்மையைச் சொன்னால் பஸ் தங்கும், ரோஸ்கோ போவான். சொல்லாவிட்டால் ரோஸ்கோ தங்குவான், பஸ் போகும். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த ஆறிப்போன காபியைப் பார்த்தாள்.

லைல் எழுந்து மைக்குக்குப் போனார்.

அவருக்கு எல்லாம் தெரியும். தினமும் காலையில் ஜன்னலில் நின்று பார்க்கிறவர். ஊரே கேட்க அவமானப்படுத்தியவளைப் பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்காது. அவள் அவர் இடத்தில் இருந்தால் சும்மா விட்டிருப்பாளா? விட்டிருக்கமாட்டாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“லைல் ஃபென்ஸ்கி. நான் பஸ்ல ஏறுற ஆள் இல்லை. ஏறவும் மாட்டேன்,” என்று தொடங்கினார். “ஆனா அந்தம்மா தினமும் ஏறுறதை நான் பாக்குறேன். உங்க கருவி பாக்கலைன்னா கோளாறு கருவியில. போன வருஷம் உங்க சிக்னல் கேமரா, ஷெட்ல நின்னுட்டிருந்த என் வண்டிக்கு அபராதம் போட்டுச்சு. அந்தக் கருவி இல்லாததைப் பாத்துச்சு, இந்தக் கருவி இருக்கிறதைப் பாக்கலை. மறுபடி எண்ணுங்க. இந்தத் தடவை ஒரு மனுஷனை அனுப்பி எண்ணுங்க.”

கேமரா என்றதும் அறை விழித்துக்கொண்டது. எனக்கும் போட்டான், என் மாமியாருக்கும் போட்டான் என்று ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். அரசாங்கத்தின் கருவியை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. வாரியத்துப் பெண்மணி பக்கத்திலிருந்தவர்களோடு குசுகுசுத்துவிட்டு, சலிப்போடு சொன்னார். “சரி. ஒரு மாசம் ஆள் வெச்சுப் பாக்குறோம். ஆனா அந்தக் கம்பத்தடியில ஏறினாத்தான் கணக்கு.”

திரும்பும் வழியில் லைல் பள்ளங்களைக்கூடத் திட்டவில்லை. பாதி வழி போனபின் நடீன்தான் பேசினாள்.

“மன்னிச்சிருங்க, லைல். நான் பேசினது தப்பு. உங்களை மோசமா நினைச்சுட்டேன்.”

“கார் கழுவுற கடையா?” என்றார் அவர். “என் பெண்டாட்டி நட்ட மேப்பிள் மரம் நிக்குது அந்தப் புல்தரையில.”

“ஏன் எனக்காகப் பேசினீங்க?”

“உங்களுக்காகன்னு யார் சொன்னா? அவங்க கருவி மேல எனக்கு நம்பிக்கை இல்லை.” ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினார். “பேரைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. அந்தக் காபியை நீங்க குடிச்சிருக்கலாம்.”

இரவெல்லாம் பனி கொட்டியது. விடிவதற்கு முன்னால் வாசலைத் திறந்த நடீன், கம்பத்தடி மலையை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி நடந்தாள். மலை அங்கே இல்லை. அவள் வீட்டு வாசலிலிருந்து கம்பம் வரைக்கும் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பனி வழிக்கப்பட்டிருந்தது. கம்பத்தடியில் வாரின இடத்தில், யாரும் தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாக, அந்தப் பச்சை நாற்காலி விரிந்து கிடந்தது. பிக்கப் அந்தப் பக்கம் பனியில் பாதி புதைந்து நின்றது. தன் வண்டிக்கு அவர் இடம் வாரவே இல்லை. நடீன் நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் நின்ற வெள்ளைக் காரைக் கவனித்தாள். கதவில் கவுண்டி முத்திரை. உள்ளே ஒருவன் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். முதல் நாளே ஆள் அனுப்பிவிட்டார்கள்.

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. வழக்கம்போல அவள் வீட்டுத் தபால் பெட்டியை நெருங்கும்போது பஸ்ஸின் வேகம் குறைந்தது. ரோஸ்கோவிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை, சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இந்த வெள்ளைக் காரின் முன்னால் அவன் அங்கே நிறுத்திக் கதவைத் திறந்தால் அவன் கதை முடிந்தது. நடீன் கையை ஆட்டினாள். இருட்டில் தெரியவில்லை போலிருக்கிறது, பஸ் இன்னும் மெதுவானது. அவள் அந்தப் பச்சை நாற்காலியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கி, வா, இங்கே வா என்று பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஆட்டினாள். பஸ் ஒரு கணம் தயங்கியது. பிறகு தபால் பெட்டியைக் கடந்து உருண்டு வந்து கம்பத்தடியில் நின்றது. கதவு திறந்தது.

நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அவள் ஏறினாள். கதவுக்கு மேல் சின்னதாக ஒரு சிவப்புக் கண் மினுங்கியது. இத்தனை நாளில் அதை அவள் பார்த்ததே இல்லை.

“ஏன் மிஸ் நடீன் இந்தக் குளிர்ல இங்க வந்து நிக்குறீங்க? உள்ளயே இருங்கன்னு சொல்லியிருக்கேன்ல?”

“இனிமே இங்கதான் ஏறணும்ப்பா. இங்க ஏறினாத்தான் அவங்க எண்ணுவாங்களாம்.”

ரோஸ்கோ சிரிக்கப் போனான். அதற்குள் அவன் பார்வை ஜன்னல் வழியாக வெள்ளைக் காருக்குப் போனது, முத்திரையில் நின்றது, அங்கிருந்து மெதுவாக அவளிடம் திரும்பியது. அவன் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள்.

“நேத்து கூட்டத்துக்குப் போனீங்களா?”

“போனேன்.”

“பேசினீங்களா?”

“பேசினேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை ரோஸ்கோ. சத்தியமா சொல்லலை.”

“நான் ஒண்ணும் கேக்கலியே,” என்றான் அவன். கதவை மூடி வண்டியை எடுத்தான்.

அவள் எப்போதும் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் சிக்னல் வரைக்கும் அவன் மகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே ஓட்டுவான். இன்று மேலே கண்ணாடியில் அவன் கண் மட்டும் ரோட்டுக்கும் அவளுக்குமாகப் போய்ப் போய் வந்தது. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். ஜன்னலில் நின்று லைலை எத்தனை நாள் அப்படிப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். சொல்லச் சொல்லத்தான் அவன் சந்தேகம் கெட்டிப்படும் என்று அவளுக்கே தெரிந்ததால் பேசாமல் இருந்துவிட்டாள். நாளைக்கு அவனுக்கு பிளாஸ்கில் சூடாகக் காபி கொண்டுவரவேண்டும் என்று நினைத்தாள். குடிப்பானா என்பதுதான் தெரியவில்லை.